பூப் பறிக்காத கோயில்

கோபே, ஜப்பான்
1926 மார்ச் 3

நீலாம்பாளுக்கு,

உயிரோடு இருக்கிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது, வேலையும் இருக்கிறது. இதை முதலில் எழுதிவிட்டால் மீதியை நிதானமாக எழுதலாம் என்று எழுதினேன்.

ஐப்பசியில் உன் அண்ணன் ராஜரத்தினம் வீட்டுக் காதுகுத்து விருந்திலிருந்து எழுந்து போனவன் நேரே ரங்கூன் துறைமுகத்துக்குப் போனேன். எஞ்சின் அறைக்கு எந்திரம் பூட்டும் ஃபிட்டர் கிடைக்காமல் ஒரு கப்பல் நின்றுகொண்டிருந்தது. ஏறிவிட்டேன். சொல்லிக்கொள்ள வீட்டுக்கு வந்திருந்தால் ஏறியிருக்க மாட்டேன். அதனால்தான் வரவில்லை.

நான் வேலை பார்த்த அரிசி ஆலையை மூடிய பிறகு உன் பூக்கடை வருமானத்தில்தான் சாப்பிட்டேன். அதை யாரிடமும் மறைக்கவில்லை. ஆனால் நிறைந்த பந்தியில் உன் அண்ணன், "மச்சானுக்கு இன்னும் கொஞ்சம் போடுங்க, பூ வித்த காசுல வளர்ற ஒடம்பு" என்று சொன்னாரே, அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை.

கப்பல் பழுதாகி இந்த ஊரில் நின்றது. பழுது பார்க்க வந்த பட்டறைக்காரர், நான் பம்பைக் கழற்றி மாட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கப்பல்களில் வரும் நம் ஆட்களோடு பேசவும் அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் இங்கே தங்கினேன். இங்கே என்னை யாருடைய மச்சான் என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது. போன வாரம் குளிருக்கு நடந்தால் தேவலை என்று மலைப்பக்கம் போனேன். குன்றின் அடியில் ஒரு கோயில். கோபுரம் இல்லை. இரண்டு மரத்தூண், மேலே குறுக்குக் கட்டை, கதவில்லாத வாசல். உள்ளே போனால் பாசி பிடித்த கல்விளக்குகள், கை கழுவ ஒரு கல்தொட்டி. சிலையைத் தேடினேன், காணவில்லை. ஆனால் வழியோரத்தில் ஒரு கல் காளை படுத்திருந்தது. நம் நந்தி போலவேதான். வந்தவர்கள் தடவித் தடவி அதன் தலை வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. நானும் தடவினேன். பழங்காலத்தில் ஒரு பெரிய படிப்பாளியை வீண்பழி சொல்லி ஊரைவிட்டு அனுப்பினார்களாம். அவர் இறந்த பிறகு அவரையே கடவுளாக்கிக் கும்பிடுகிறார்களாம். பட்டறையில் சொன்னார்கள்.

காளைக்குப் பின்னால் ஒரு தோட்டம். மரங்களில் இலையே இல்லை, கிளை முழுக்க வெள்ளையும் ரோஸுமாகப் பூ. கீழே பனி, மேலே பூ. அத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள், ஒருவர்கூடப் பேசவில்லை, ஒருவர்கூடப் பறிக்கவில்லை. எனக்கு உன் ஞாபகம் வந்தது.

கடையை உன் கூட உதவிக்கு இருக்கும் வேலம்மாவிடம் விட்டுவிட்டு வந்துவிடு. வீடு பார்க்கிறேன்.

அய்யாசாமி


ரங்கூன்
1926 ஏப்ரல் 20

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் செத்திருந்தால் கப்பல் கம்பெனிக்காரனாவது சொல்லியனுப்பியிருப்பான். உயிரோடு இருந்ததால் யாரும் சொல்லவில்லை. இத்தனை மாதமும் காலையில் துறைமுகத்து ஆட்களிடம் விசாரித்துவிட்டுத்தான் கடை விரித்தேன். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பதிலுக்கு வருத்தம் தெரிவித்து எழுத வேண்டாம்.

நீங்கள் கூப்பிட்டதும் கடையைப் போட்டுவிட்டு வர நான் ஒன்றும் கூடையில் பூ வைத்துத் தெருத்தெருவாக அலைகிறவள் இல்லை. கோயில் வாசலில் என் அம்மா உட்கார்ந்த இடம் அது. வேலம்மா நல்லவள்தான், வாழைநாரைக் கிழிக்கத் தெரியும். ஆனால் வாடின சரத்தை உள்ளே வைத்துக் கட்டினால் கண்டுபிடிக்கத் தெரியாது.

இப்போது திஞ்சான் தண்ணீர்த் திருநாள் முடிந்த வாரம். முதல் மழை விழுந்த மறுநாள் ஊர் பூராவும் வேங்கை பூத்தது. இந்த ஊர் வேங்கை உங்களுக்குத் தெரியும், ஒரே ஒரு நாள்தான் நிற்கும். விடியுமுன்னே ஆளை அனுப்பி வெட்டிவரச் சொன்னேன். பர்மாக்காரப் பெண்கள் கொண்டைக்கு ஒரு கொத்து, புத்தர் பயாவுக்கு ஒரு கொத்து என்று வாங்கித் தீர்த்துவிட்டார்கள். வெயில் ஏறுமுன் கூடை காலி.

அப்படியிருக்க, உங்கள் கோயிலில் அத்தனை பூவையும் மரத்திலேயே விட்டு வைத்திருக்கிறார்கள் என்று எழுதுகிறீர்கள். சாமிக்கும் போடாமல், தலையிலும் வைக்காமல் பூவை என்ன செய்கிறார்கள்? அந்தச் சாமி அதைக் கேட்பதில்லையா? எனக்குப் புரியவில்லை. விசாரித்து எழுதுங்கள்.

குளிருக்குக் கம்பளி வாங்கினீர்களா என்பதையும் எழுதுங்கள்.

நீலாம்பாள்


கோபே
1926 மே 30

நீலாம்பாளுக்கு,

கம்பளி வாங்கினேன். இப்போது அது தேவைப்படவில்லை.

நீ கேட்டதை விசாரித்தேன். விசாரித்ததில் எனக்கு மானம் போயிற்று. அதையும் எழுதுகிறேன்.

இந்த மாதத் தொடக்கத்தில் அந்தக் கோயிலில் வேறொரு பூ. கொடியில் பூப்பது. மூங்கில் பந்தல் போட்டு ஏற்றியிருக்கிறார்கள். திராட்சைக் குலை மாதிரி, ஆனால் முழங்கை நீளத்துக்கு, ஊதா நிறத்தில் பந்தலெங்கும் தொங்குகிறது. ஃபுஜி என்கிறார்கள். கீழே நின்றால் மேலே வண்டு சத்தம் மட்டும்தான். நீ கேட்டால் நம்ப மாட்டாய், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றபடி தூங்கிவிடலாம் போலிருந்தது.

உனக்கு அனுப்பலாம் என்று ஒரு குலையைக் கிள்ளினேன். அவ்வளவுதான். பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் கையில் துடைப்பத்தோடு ஓர் அம்மாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பெயர் ஹாரு, அந்தக் கோயில் பூசாரியின் தங்கை, தோட்டம் முழுக்க அவள் பொறுப்பு. அவள் சத்தம் போடவில்லை. என் கையிலிருந்த பூவையும் முறிந்த காம்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கிழிந்த இடத்தைத் தன் இடுப்புத் துணியில் ஒரு முனையைக் கிழித்துக் கட்டினாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பட்டறையில் இரண்டு பேச்சும் தெரிந்த ஒருவனைக் கூட்டிப்போய் மறு வாரம் மன்னிப்புக் கேட்டேன். நீ கேட்டதையும் கேட்டேன். அவள் சொன்னது இது: "சாமிக்குப் பச்சைக் கிளைதான் வைக்கிறோம், அது எப்போதும் வாடாது. பூ தானே வந்து கும்பிடுகிறது, தானே போகிறது. இடையில் நாம் எதற்கு?"

பச்சைக் கிளை என்றதும் நம் ஊர்ப் பயாவில் வைக்கிற தபியே இலை ஞாபகம் வந்தது.

இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருப்பது கீழே உதிர்ந்த இதழ். பறித்ததல்ல. கப்பல் சமையற்காரர் சுலைமான் நேரில் கொண்டுவந்து கொடுப்பார். அவரிடம் கேட்டால் நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்வார்.

எப்போது வருகிறாய்?

அய்யாசாமி


ரங்கூன்
1926 ஜூலை 18

அத்தானுக்கு,

சுலைமான் பாய் வந்தார். இதழ் பழுப்பாகிப் போயிருந்தது, ஆனாலும் ஒரு வாசனை இருந்தது. நீங்கள் கொஞ்சம் சதை போட்டிருக்கிறீர்கள் என்றார். நல்லது.

உங்கள் ஹாரு அம்மாள் சொன்னதைக் கடையில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். பூ தானே வந்து கும்பிடுகிறது என்பது அழகான பேச்சு. எனக்கு ஒத்துவராத பேச்சு. எல்லோரும் அப்படி நினைத்தால் நான் எதைத் தின்பது?

இங்கே மழை பிடித்துக்கொண்டது. தாங்ஞுன்ட் பேட்டையில் நம் வீட்டின் ரயில் பாதைப் பக்கத்துச் சுவர் ஊறுகிறது. வியாபாரம் பாதி. அதோடு பூ கொண்டுவருகிறவர்கள் ஈரப்பூவையும் அழுகல் பூவையும் கலந்து தருகிறார்கள். சண்டை போட்டு அலுத்துவிட்டது. அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிரியத்தில் டோ மியா என்று ஒரு பர்மாக்கார அம்மாளுக்கு மேட்டு நிலம் சும்மா கிடக்கிறது. அவளும் நானும் கூட்டாக மல்லிகையும் கனகாம்பரமும் வைத்திருக்கிறோம். வாரத்தில் இரண்டு நாள் படகேறிப் போகிறேன். "மா நீலா, நீ கடையைப் பாரு, செடியை நான் பாக்கறேன், ரெண்டு பேரும் ஒரே எடத்துல நின்னா சண்டை வரும்" என்கிறாள். எனக்குப் பிடித்த மனுஷி.

இதெல்லாம் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து, கடையை மூடிவிட்டுத் தன் வீட்டோடு வந்து இருக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். உடனே, "நீ எதுக்கும்மா காத்துக் கெடக்குறே? அவன் அங்கே ஒரு ஜப்பான்காரியோட இருக்கான். ஹாருன்னு பேரு. துறைமுகம் பூரா பேச்சு" என்றார். சுலைமான் பாய் யாரிடமோ வெள்ளையாகச் சொன்னதை இவர் இப்படித் திரித்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்துக்கு நேரே சிரித்தேன். கோபித்துக்கொண்டு குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பந்தல் எத்தனை உயரம்? மல்லிகைக்கு அப்படிப் போட்டால் சரியாக வருமா என்று டோ மியா கேட்கிறாள்.

நீலாம்பாள்


கோபே
1926 செப்டம்பர் 12

நீலாம்பாளுக்கு,

பந்தல் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம். மல்லிகைக்கு வேண்டாம், பறிக்க எட்டாது.

நீ சிரித்தாய் என்று எழுதியிருக்கிறாய். உன் அண்ணன் என்னைப் பற்றி ஒன்று சொன்னால் உனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கும் நீ சிரித்தாய். நான் எழுதவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை. அவர் சொன்னதற்காக நான் எழுந்து போனேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். அவர் வாய் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவர் சொன்னபோது நான் நிமிர்ந்து உன்னைத்தான் பார்த்தேன். கையில் வாளியோடு நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அதைப் பார்த்த பிறகு அந்த இலையில் எப்படி உட்காருவது?

வேறு எழுத ஒன்றுமில்லை. போன வாரம் புயல். கோயில் பந்தல் சாய்ந்துவிட்டது. மூங்கில் எல்லாம் போயிற்று, கொடி பிழைத்தது. பட்டறையில் கழித்துப்போட்ட நீராவிக் குழாய்களைக் கேட்டு வாங்கி, வளைத்து, இரும்புப் பந்தலாகப் போட்டுக் கொடுத்தேன். ஹாரு அம்மாள் ஒவ்வொரு பந்தல் காலையும் ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. பூசாரி வந்து வணங்கினார். அங்கே யாரும் சிரிக்கவில்லை.

அய்யாசாமி


ரங்கூன்
1926 நவம்பர் 2

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு வேலம்மாவைக் கடையில் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். ஒரு வருஷமாக இதை மனதில் வைத்துக்கொண்டு எனக்குப் பூவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தீர்களா?

சிரித்தது உண்மை. அன்றைக்குப் பந்தியில் சிரித்ததும் உண்மை, ஜப்பான்காரி என்று சொன்னபோது சிரித்ததும் உண்மை. இரண்டும் ஒரே சிரிப்புதான். அது எதற்கு வந்த சிரிப்பு என்று கேளுங்கள்.

ஆலையில் கொதிகலன் சீறினபோது முதலாளி முதல் கூலிவரை வெளியே ஓடினார்கள். உள்ளே போய் வால்வை மூடியவர் நீங்கள். முழங்கை வெந்து வீட்டுக்கு வந்து, "ஒண்ணும் இல்ல, கொஞ்சம் சூடு" என்று சொன்னவர் நீங்கள். நான் காய்ச்சலில் கிடந்தபோது கோயில் வாசலில் என் இடத்தில் உட்கார்ந்து, அந்தப் பெரிய விரல்களை வைத்துக்கொண்டு சரம் கட்டினீர்கள். ஒரு சரமும் நேராக இல்லை, ஆனால் எல்லாம் விற்றுவிட்டது. அப்படிப்பட்ட ஆளைப் பார்த்து ஒருவர் உட்கார்ந்து தின்கிறவன் என்கிறார். ஒரு பெண்ணைக் கண்டால் எதிர்ப்பக்கத்து நடைபாதைக்குப் போகிறவரைப் பார்த்து வேறொருத்தியோடு இருக்கிறார் என்கிறார். எனக்குச் சிரிப்பு வராமல் என்ன வரும்? இதை நம்ப இந்தப் பந்தியில் ஒரு முட்டாள்கூட இருக்க மாட்டான் என்று நினைத்தேன். நீங்களே நம்பிவிடுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

நீங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம். நீங்கள் எழுந்ததும் நான் அண்ணன் முன்னால் போய் வாளியைக் கீழே வைத்தேன். "மிச்சத்தை நீங்களே பரிமாறிக்குங்கண்ணே, எனக்கு இந்த வீட்டுல வேலை முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உங்களைத் தேடித்தான் வந்தேன். வீட்டில் நீங்கள் இல்லை. அன்றிலிருந்து அந்த வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. அவர்தான் இங்கே வருகிறார், போகிறார். இதை உங்களுக்கு யாரும் எழுதவில்லையா? நானும் எழுதவில்லை. இது எழுதித் தெரிவிக்க வேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அண்ணனை மன்னிப்புக் கேட்க வை என்று மட்டும் எழுதாதீர்கள். வாங்கிக் கொடுக்கிற மன்னிப்பு உங்களுக்கு வேண்டாம், எனக்குத் தெரியும்.

சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். இனி ஒரு செய்தி. வருகிற மழைக்காலத்தில் நான் கோபேக்கு வருகிறேன். குடியிருக்க அல்ல, பார்க்க. மழையில் இங்கே வியாபாரம் பாதிதான், வேலம்மா சமாளிப்பாள், தோட்டத்தை டோ மியா பார்ப்பாள். மொகல் தெருப் பட்டுக்கடைக்காரர் குடும்பம் அந்த ஊருக்குப் போகிறது. அவர் சம்சாரத்துக்குத் துணையாக வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

என் புருஷன் இரும்பில் போட்ட பந்தலை நான் பார்க்க வேண்டும்.

நீலாம்பாள்


கோபே
1927 ஜனவரி 9

நீலாம்பாளுக்கு,

இங்கே மன்னர் இறந்து ஊர் முழுக்கத் துக்கம். கடைகள் சாத்திக் கிடக்கின்றன. பட்டறையிலும் வேலையில்லை. உன் கடிதத்தைப் பலமுறை படிக்க நேரம் கிடைத்தது.

வாளியைக் கீழே வைத்தாய் என்று எனக்குத் தெரியாது. ஒருவரும் எழுதவில்லை.

அதைப் பற்றி நிறைய எழுத நினைத்தேன். எழுதி எழுதிக் கிழித்தேன். நேரில் வா.

ஜூன் மாதம் இங்கேயும் மழை, ஆனால் ரங்கூன் மழை மாதிரி அடித்து ஊற்றாது. ஒரு கம்பளிச் சால்வை போதும். புளியும் மிளகாய்த்தூளும் கொண்டுவா. வேறு எல்லாம் கிடைக்கிறது. கப்பல் ஆடும்போது படுக்காதே, மேல்தளத்தில் தூரத்தைப் பார்த்து உட்கார்.

கரையில் நிற்கிறேன்.

அய்யாசாமி


ரங்கூன்
1927 ஆகஸ்ட் 14

அத்தானுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். பினாங்குக்குப் பிறகு கடல் கொஞ்சம் ஆடியது. நீங்கள் சொன்னபடி தூரத்தைப் பார்த்து உட்கார்ந்தேன், சரியாகப் போயிற்று. பட்டுக்கடைக்காரர் சம்சாரம் என் பேச்சைக் கேட்காமல் படுத்துவிட்டு அவதிப்பட்டாள்.

நாம் இருவரும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோயிலுக்குப் போனதை எழுத வேண்டாம், நீங்களும் இருந்தீர்கள். வாள் மாதிரி இலைக்கு மேல் அந்த ஊதாப் பூக்கள் சேற்று வயலில் வரிசை வரிசையாக மழையில் நின்றதும், நீங்கள் எனக்குக் குடை பிடித்ததும், பந்தல் காலை நான் ஆட்டிப் பார்த்ததும் உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன்.

நான் கிளம்புவதற்கு முன் புதன்கிழமை, நீங்கள் பட்டறைக்குப் போன பிறகு தனியாக ஒருமுறை போனேன். வழி நன்றாக ஞாபகமிருந்தது. தூறல். கோயிலில் யாருமில்லை. கல்தொட்டியில் கை கழுவிவிட்டுக் கூரையடியில் உட்கார்ந்தேன். எங்கேயும் சத்தமில்லை. இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, கோயிலில் பூக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தும் யாரும் என்னிடம் பூ கேட்காமல் ஒரு காலை நேரம் போனது அன்றைக்குத்தான். முதலில் கை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தது. பிறகு சும்மா இருந்தது.

ஹாரு அம்மாள் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பாஷை எனக்கு வராது, என் பாஷை அவளுக்கு வராது. அவள் சுத்தியல் பிடித்து இரும்பைத் தட்டுவது போலக் கையால் காட்டி, யார் என்று கேட்பது போல் என்னைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை நாம் வந்ததை வைத்து யூகித்திருப்பாள், ஆனாலும் நிச்சயப்படுத்திக்கொள்ள விரும்பினாள். நான் தாலியை வெளியே எடுத்துக் காட்டினேன். எப்படித்தான் புரிந்துகொண்டாளோ. எழுந்து நின்று, இடுப்பு வளைய என்னை வணங்கினாள். அத்தான், நான் என் வியாபாரத்தில் சம்பாதித்த மரியாதை எனக்குப் பழக்கம். உங்களால் எனக்குக் கிடைத்த மரியாதையை அன்றைக்கு ஓர் அயல்நாட்டுக்காரி கையால் வாங்கினேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் எழுந்து கும்பிட்டேன்.

அவள் என் கொண்டையைப் பார்த்தாள். வெறுங்கொண்டை. கப்பலில் ஏறியதிலிருந்து எனக்குப் பூ ஏது? எழுந்து வேலியோரம் போனாள். அங்கே ஒரு புதர், நம் நந்தியாவட்டை மாதிரி வெள்ளைப் பூ, ஆனால் அத்தனை மணம். இரண்டு பூவைப் பறித்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். பறித்துத்தான் கொடுத்தாள், கீழே கிடந்ததை எடுக்கவில்லை. நான் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டதும் தள்ளி நின்று பார்த்து, சரி என்று தலையாட்டினாள். ஒரு குலையைக் கிள்ளியதற்கு உங்களை அந்தப் பார்வை பார்த்தவள் எனக்கு ஏன் பறித்தாள் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் தெரியாது. கேட்கப் பாஷையும் இல்லை.

அன்று மாலை நீங்கள் வந்து, "எங்கிருந்து பூ வாசனை?" என்று கேட்டீர்கள். தெருவில் வாங்கினேன் என்றேன். அது பொய். அந்தக் காலை நேரத்தைக் கொஞ்ச நாள் எனக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

அந்த இடம் உங்களுக்கு ஏன் பிடித்தது என்று எனக்கு இப்போது தெரியும். அதனால் அதை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நானும் அங்கே வந்து குடியிருக்க மாட்டேன். சிரியத்தில் மல்லிகை மொட்டு விட்டிருக்கிறது, கிணற்றில் தண்ணீர் ஊறுகிறது, இறைக்கத்தான் ஆள் போதவில்லை. என் வேலை இங்கே இருக்கிறது. நீங்கள் வந்தால் எனக்குச் சந்தோஷம். வராவிட்டால் வருஷா வருஷம் மழைக்காலத்தில் நான் வருகிறேன். எப்படியும் நான் உங்கள் பெண்டாட்டிதான், நீங்கள் என் புருஷன்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

துறைமுகத்துக்கு அண்ணன் வந்திருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அதைத் தோள் மாற்றிக்கொண்டே நடந்தார். வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "மச்சான் நல்லாருக்காரா?" என்று கேட்டார். நல்லாருக்கார் என்றேன்.

நீலாம்பாள்


கோபே
1927 நவம்பர் 6

நீலாம்பாளுக்கு,

பட்டறை முதலாளியிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். வீட்டுக்குப் போகிறேன் என்றேன். சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றார். சம்பளத்துக்காகப் போகவில்லை என்றேன். தன்னுடைய குழாய் வளைக்கும் கருவியில் ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டார்.

என்னை யாரும் விரட்டவில்லை, நீயும் கூப்பிடவில்லை. அதனால்தான் வரமுடிகிறது. கூப்பிட்டிருந்தால் எதற்காக வருகிறேன் என்று எனக்கே சந்தேகம் இருந்துகொண்டிருக்கும்.

உண்மையைச் சொல்கிறேன். நீ போன பிறகு அந்தக் கோயிலுக்கு வழக்கம்போல் போய்க்கொண்டுதான் இருந்தேன். இடம் அதேதான். அமைதியும் அதேதான். ஆனால் பக்கத்தில் நின்று, "இது எத்தனை நேரம் தாங்கும், இதை நாரில் கட்டினால் நிற்குமா?" என்று கேட்க ஆளில்லை. அன்றைக்கு அந்த ஊதாப் பூவைப் பார்த்து, "அழகுதான், ஆனா கட்டுக்கு ஒதவாது" என்று சொன்னாயே, எனக்கு அதை நினைத்து நினைத்துச் சிரிப்பு வருகிறது. பட்டறையில் வேலையின் நடுவில் சிரிக்கிறேன். கூட இருப்பவர்கள் என்னவென்று கேட்டால் சொல்லவும் தெரியவில்லை. அப்போதுதான் நீ பந்தியில் சிரித்தது எப்படிப்பட்ட சிரிப்பு என்று எனக்குச் சரியாகப் புரிந்தது. கடிதத்தில் படித்தபோது நம்பினேன். இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இன்று காலை விடைபெறப் போனேன். இந்த மாதம் பூ எதுவும் இல்லை. மேப்பிள் இலைகள் மட்டும் நெருப்பு மாதிரி சிவந்து நிற்கின்றன. ஹாரு அம்மாள் பெருக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு இப்போது அந்தப் பாஷை ஓரளவு வருகிறது. ஊருக்குப் போகிறேன் என்றேன். துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு என்னைச் சாமி முன்னால் அழைத்துப் போனாள். குனிந்து, இரண்டுமுறை கை தட்டி, மறுபடி குனிந்து இருவரும் கும்பிட்டோம். அந்தம்மாள், "உன் மனைவி கெட்டிக்காரி" என்றாள். ஆமாம் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பந்தல் காலை ஆட்டிப் பார்த்தாள். பூவைப் பார்க்க வருகிறவர்கள் பூவைத்தான் பார்ப்பார்கள்" என்றாள்.

சிரியம் தோட்டத்துக் கிணற்றுக்கு ஒரு பம்பு போடுகிறேன். ஆள் இறைக்க வேண்டாம். பழைய பாகங்கள் வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டேன். டோ மியாவிடம் முன்கூட்டியே சொல்லிவை. ஒரே இடத்தில் நின்றால் அவளோடு எனக்கும் சண்டை வரலாம்.

உன் அண்ணன் பெட்டி தூக்கியதைப் படித்தேன். நான் வந்ததும் ஒருநாள் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போவோம். நீயும் வரவேண்டும். கூட இரண்டு கரண்டி போடச் சொல்லி நானே கேட்டுச் சாப்பிடுகிறேன்.

கப்பல் டிசம்பர் முதல் வாரத்தில் ரங்கூனில் கட்டும் என்கிறார்கள், அநேகமாகக் காலையில். துறைமுகத்துக்கு வராதே. அது உன் வியாபார நேரம். பெட்டியை ஒரு கூலியிடம் கொடுத்துவிட்டு நான் கோயில் வாசலுக்கு நடந்தே வருகிறேன். கடைக்கு முன்னால் எத்தனை பேர் நின்றாலும் கடைசியில் நின்று என் முறை வரக் காத்திருக்கிறேன். நீ முதலில் அவர்களைக் கவனி.

அய்யாசாமி